வாய்க்கு வெளியே ஒரு தாடை: எந்த ஆர்ட்டிகுலேட்டர் எதற்கு?

“டாக்டரம்மா, வாய மூடுனா சரியாத்தான் இருக்கு. மெல்லும்போதுதான் இடிக்குது.”

பிரிட்ஜ் பொருத்திக்கொண்டு போன ஓர் அம்மா நாலாம் நாள் திரும்பி வந்து சொன்னார். நான் தொழிலுக்கு வந்த புதிது. கீழே வலது பக்கம் நான்கு பல் பிரிட்ஜ். அவர் பற்களின் அச்சில் வார்த்த மாடலில் கச்சிதமாக உட்கார்ந்தது, வாயில் மூடிப் பார்த்தபோதும் பழுதில்லை. ஆனால் அவர் இடது பக்கம் மெல்வதற்குத் தாடையை நகர்த்தியதும், வலது கடைவாய்ப்பல்லின் முகடு மேல்பல்லில் மோதியது. அரைமணி நேரம் ராவினேன். பீங்கான் தேய்ந்து உள்ளிருந்த உலோகம் தெரிய ஆரம்பித்தது. கடைசியில் வேறு பிரிட்ஜ் செய்துகொடுத்தேன். அத்தனை பல் வேலைக்கு வெறும் கீல் ஆர்ட்டிகுலேட்டர் போதும் என்று நினைத்தது என் தவறு.

ஆர்ட்டிகுலேட்டர் என்பது மேல், கீழ்ப் பல்வரிசை மாடல்களை மாட்டி, தாடை அசைவை வாய்க்கு வெளியே நடத்திக் காட்டும் கருவி. கேப், பிரிட்ஜ், பல்செட் எதுவானாலும் லேபில் இதன் மேல்தான் உருவாகிறது. கீலில் தொடங்கி கணினித் திரை வரை பல வகை உண்டு. எது எதற்குப் போதும் என்பதற்கு, முதலில் தாடை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாக்குவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆணி, திறக்கும், மூடும். நாய், பூனையின் தாடை ஏறக்குறைய அப்படித்தான். மாடு அசைபோடுவதோ ஆட்டுக்கல் குழவி சுற்றுவதைப் போல. மனிதத் தாடை இரண்டையும் செய்கிறது. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். முதல் 20–25 மி.மீ. அளவுக்குத் தாடையின் மூட்டுத்தலை இருந்த இடத்திலேயே சுழல முடியும். அதற்கு மேல் திறக்க வேண்டுமென்றால் அது தன் மேலுள்ள நார்த்தட்டையும் கூட்டிக்கொண்டு, மண்டையோட்டுச் சரிவில் முன்னும் கீழுமாக வழுக்கி இறங்க வேண்டும். விரலுக்கு அடியில் அந்த இறக்கம் நன்றாகத் தெரியும்.

பக்கவாட்டு அசைவு இன்னும் நுட்பமானது. இரண்டு மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால் ஒன்று தனியாக நகர முடியாது. இடது பக்கம் மெல்லும்போது வலது மூட்டுத்தலை முன்னே, கீழே, உள்ளே என்று போகிறது. இடது மூட்டுத்தலை சுழன்றபடி லேசாக வெளிப்பக்கம் நகர்கிறது. இங்கிலாந்தின் நார்மன் பென்னட் 1908-ல், தாடையில் சிறு விளக்குகளைப் பொருத்தி இந்த நகர்வைப் பதிவு செய்தார். இன்றும் அதற்கு பென்னட் அசைவு என்றே பெயர். என் பிரிட்ஜ் மோதியதும் இங்கேதான்: வலது மூட்டுத்தலை இறங்கும் வழியைக் கணக்கில் எடுக்காமல் வலது பக்க முகட்டை வார்த்திருந்தோம்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

கீல் கருவி சுத்தமான பாக்குவெட்டி. மலிவு, கையடக்கம், லேபில் வேலை சீக்கிரம் முடியும். அதன் குறை பக்கவாட்டில் அசையாதது மட்டுமில்லை. அதன் கீல் பற்களுக்கு மிக அருகில் இருக்கிறது. நம் மூட்டு அப்படியில்லை. அமெரிக்காவின் வில்லியம் பான்வில் 1858-ல் செய்த ஆர்ட்டிகுலேட்டரில், இரு மூட்டுத்தலைகளையும் கீழ் முன்பற்களின் நடுப்புள்ளியையும் இணைத்தால் பக்கம் சுமார் 10 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணம் வரும் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து சுழலும் தாடையின் வளைவு வேறு, குட்டைக் கீலின் வளைவு வேறு. மெழுகில் பைட் (மேல், கீழ்ப் பற்கள் கடிக்கும் நிலையின் பதிவு) எடுத்து, அந்த மெழுகின் தடிமனை நீக்கிவிட்டு மாடல்களை மூடும்போதுதான் இது காட்டிக்கொடுக்கும். கடைவாயில் உயரம் மாறிவிடும். மெழுகே இல்லாமல், பற்கள் தாமே பொருந்தும் நிலையில் மாடல்களை மாட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. அதனால்தான் இருபுறமும் நல்ல பற்கள் இருக்க, நடுவில் ஒரே ஒரு கேப் என்றால் கீல் கருவியே போதும் என்று இன்றும் சொல்வேன். அந்த வாயில் தாடையை வழிநடத்த கோரைப்பல்லும் பக்கத்துப் பற்களும் இருக்கின்றன. புதுப் பல் அந்த வழியில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும், அதை வாயிலேயே சரிபார்த்துவிடலாம்.

அடுத்தது சராசரி அளவுக் கருவி. பல் மருத்துவக் கல்லூரியில் பல்செட் அடுக்கிப் பழகியவர்களுக்கு இது பழைய தோழன். மூட்டுச் சரிவு, அதாவது மூட்டுத்தலை வழுக்கி இறங்கும் சாய்வு, பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும். முன்னே, பக்கவாட்டில் நகரும், ஆனால் எல்லோருக்கும் ஒரே சரிவில்.

இதற்கும், நோயாளிக்கு ஏற்பச் சில அளவுகளை மாற்றிக்கொள்ளக்கூடிய அரைச்சீர் கருவிக்கும்தான் உண்மையான போட்டி. அரைச்சீர் கருவியோடு ஃபேஸ்போ எனும் அளவெடுக்கும் வில் உண்டு. அதன் இரு முனைகளையும் நோயாளியின் காதுத் துளைகளில் வைத்து, மேல்தாடை மூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை அப்படியே கருவிக்கு மாற்றலாம். காதை வைத்து ஊகிக்கும் இந்த அச்சு உண்மையான அச்சிலிருந்து சில மி.மீ. விலகியிருக்கும். கணக்குப்படி 5 மி.மீ. விலகல், 3 மி.மீ. தடிமனுள்ள பைட் என்றால் கடைசிக் கடைவாய்ப்பல்லில் பிழை சுமார் 0.2 மி.மீ. கேட்கச் சின்னதுதான். ஆனால் நாங்கள் கடிப்பு பார்க்கும் மெல்லிய வண்ணத்தாளின் தடிமன் 0.04 மி.மீ., ஷிம்ஸ்டாக் எனும் உலோகத்தாள் வெறும் 0.008 மி.மீ. இயற்கைப் பற்கள் தலைமுடியை விட மெல்லியதையும் உணரும். ஆகவே மெழுகை எவ்வளவு மெல்லியதாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

சரிவு கிடைப்பது இன்னொரு வழியில். தாடையைச் சுமார் 6 மி.மீ. முன்னே நீட்டச் சொன்னால் முன்பற்கள் விளிம்போடு விளிம்பு தொடும், பின்னே கடைவாயில் இடைவெளி விழும். 1905-ல் கிறிஸ்டென்சன் எழுதிய நிகழ்வு இது. அந்த இடைவெளியை மெழுகில் பிடித்துக் கருவியில் வைத்தால், அந்த மனிதரின் மூட்டுச் சரிவு தெரிந்துவிடும்.

இந்தச் சரிவு தவறினால் என்ன ஆகும்? தவறு எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். நோயாளியின் சரிவு 20 டிகிரி, கருவியில் 30 என்று வைத்துக்கொள்வோம். கருவியில் தாடை அதிகம் இறங்குவதால் உயரமான முகடுகளுக்கும் இடம் இருப்பதுபோல் தெரியும். வாயில் அவ்வளவு இறக்கம் இல்லை, முகடு மோதும். மாறாக நோயாளிக்கு 40, கருவியில் 25 என்றால் முகடு தாழ்வாக வரும், வாயில் பற்கள் தாராளமாக விலகும், மோதல் இல்லை. அதனால் கேப், பிரிட்ஜ் வேலையில் சரிவை அளக்க முடியாதபோது 20–25 டிகிரிக்குக் குறைத்து வைப்பது பாதுகாப்பு. முழு பல்செட்டில் இந்தத் தந்திரம் எதிராகத் திரும்பலாம். அங்கே தாடை நகரும்போதும் இருபுறமும் பற்கள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் செட் ஆடாது என்ற நோக்கில் அடுக்குகிறோம். தாராளமாக விலகினால் அந்தத் தொடர்பே போய்விடும்.

ஆனால் பல்செட்டுக்கு ஃபேஸ்போ கட்டாயமா? கல்லூரியில் கட்டாயம் என்றுதான் படித்தேன். கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு, ஃபேஸ்போ இல்லாமல் எளிய முறையில் செய்த முழு பல்செட்டுகளும் நோயாளிகளின் திருப்தியில் பின்தங்கவில்லை என்று காட்டியது. ஈறு சிறிது அமுங்கிக் கொடுக்கிறது. பல்செட் அதன் மேல் கொஞ்சம் நகர்ந்து சமாளிக்கிறது. வயதானவருக்கு வழக்கமான ஒரு செட் என்றால் நான் இப்போது சராசரிக் கருவியை எந்தத் தயக்கமும் இல்லாமல் பயன்படுத்துகிறேன்.

எல்லா அளவுகளையும் நோயாளிக்கு ஏற்ப மாற்றக்கூடிய முழுச்சீர் கருவி வேறு உலகம். 1926-ல் கலிஃபோர்னியாவில் பல் மருத்துவர் மெக்கல்லம் தொடங்கிய நாதாலஜி (தாடை இயக்கத்தை ஆராயும் துறை) வட்டத்திலிருந்து வளர்ந்தது. தாடை எட்டக்கூடிய கடைசி எல்லை வரையிலான அசைவுகளைக் கம்பிகளும் ஊசிகளும் கொண்ட சட்டத்தால் வரைந்து, அந்தக் கோடுகளைக் கருவி திரும்ப நடக்கும்படி முடுக்குவார்கள். வேலை அழகு, ஆனால் நேரம் மணிக்கணக்கில் போகும். வாய் முழுவதையும் புதிதாகக் கட்டும் அரிதான வேலையைத் தவிர இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது எல்லோரும் கேட்பது திரையில் உள்ள ஆர்ட்டிகுலேட்டர் பற்றி. பற்களின் மேற்பரப்பை ஸ்கேனர் அருமையாகப் பிடிக்கிறது. ஆனால் நோயாளியின் அளவு எதையும் கொடுக்காவிட்டால் மென்பொருளும் சராசரிச் சரிவைத்தான் போட்டுக்கொள்ளும். அது திரையில் உள்ள சராசரிக் கருவிதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. தாடை அசைவை நேரடியாகப் பதியும் கருவிகள், ஜெர்மனியின் ஸெப்ரிஸ், பிரான்ஸின் மாட்ஜா போன்றவை, வேறு வகை. நோயாளி நிஜமாக நகரும் பாதையே கணினிக்குள் வருகிறது. மூட்டு எப்படி இறங்கும் என்று ஊகிக்க வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது. பல பற்களைக் கட்டும் வேலையில் முழுச்சீர் கருவியின் இடத்தை இதுதான் பிடிக்கும் என்று நம்புகிறேன்.

என் கணக்கு இப்படி: ஒரே கேப் என்றால் கீல். வழக்கமான பல்செட் என்றால் சராசரி. மூன்று பல்லுக்கு மேல் பிரிட்ஜ், கோரைப்பல்லையே மாற்றும் வேலை, பற்கள் தேய்ந்து கடிப்பு உயரத்தை மாற்ற வேண்டிய வாய் என்றால் ஃபேஸ்போவோடு அரைச்சீர். கிளினிக் தொடங்கும் இளையவர்கள் என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அப்புறம், எதை வாங்கினாலும் பைட் எடுப்பதில் அவசரம் வேண்டாம். ஸ்வீடனின் போசெல்ட், பற்கள் முழுமையாகப் பொருந்தும் இடமும் தாடை மிகப் பின்னே இருக்கும் இடமும் பெரும்பாலானோருக்கு ஒன்றல்ல, சராசரியாக 1 மி.மீ. அளவு விலகியிருக்கின்றன என்று காட்டினார். தசைகள் பழகிய இடத்துக்கே தாடையை இழுக்கும். நான் முன்பற்களுக்கு நடுவே பஞ்சு உருளையை வைத்துக் கடிக்கச் சொல்லி, பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நாற்காலியைச் சாய்த்து, தாடையைக் கையில் பிடித்து மெதுவாக மூடிப் பார்க்கிறேன். மூன்று முறை மூடி மூன்றும் ஒரே இடத்தில் வந்தால்தான் மெழுகை எடுக்கிறேன்.