முழுப் பிரதியா, ஒரு பக்கக் குறிப்பா? டெல்டா சபைகளில் பிரசங்கிக்கப் போகிறவர்களுக்கு

பிரசங்க பீடத்துக்குக் கையில் எதை எடுத்துப் போவது? வரிக்கு வரி எழுதிய பிரதி, ஒரு பக்கக் குறிப்பு, மனப்பாடம் என மூன்று வழி உண்டு. மனப்பாடத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதால் போதும், விட்ட வரியோடு அடுத்த வரியும் சேர்ந்து போய்விடும். மற்ற இரண்டில் நான் குறிப்பின் பக்கம்.

பிரதியின் நன்மை எல்லாரும் அறிந்தது. சொல் பிசகாது, வசனம் தப்பாது, பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம். குறிப்பு வைத்திருந்தால் கண் தாளில் இல்லாமல் சபையார் மேல் இருக்கும். இவை இரண்டும் ஏறக்குறைய சமம்தான். தராசைச் சாய்ப்பது நேரம்.

தஞ்சை, நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு குருசேகரத்துக்கு, அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்துக்கு, ஐயர் (போதகர்) ஒருவர், கிளைச் சபைகள் பல. ஒரு ஊரில் ஆராதனை முடித்து அடுத்த ஊருக்கு ஓடுவார். வெளியிலிருந்து வரும் பிரசங்கியிடம் “25 நிமிஷம் பேசுங்கய்யா” என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அன்று காலை ஞானஸ்நானம் ஒன்று வரும், அறிவிப்பு நீளும், திருவிருந்தும் இருக்கும். அறுப்பின் பண்டிகையென்றால் காணிக்கைப் பொருள்களின் ஏலத்துக்கும் நேரம் விட வேண்டும். பிரசங்கத்துக்கு முந்தின கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கும்போது மூப்பர் அருகே வந்து, “பன்னெண்டு நிமிஷத்துல முடிச்சிடுங்கய்யா” என்பார்.

பிரதி மாட்டிக்கொள்வது இங்கேதான். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தோராயமாக 80 முதல் 100 சொற்கள் போகும். 25 நிமிடத்துக்கு 2,000 சொற்களுக்குக் குறையாமல் எழுதியிருப்பீர்கள். 14 புள்ளி எழுத்தில் எட்டுத் தாளாவது வரும். அதை நின்ற இடத்தில் பாதியாக்க முடியாது. சிலர் வேகத்தைக் கூட்டுவார்கள். கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ஊரில் ஒரு வாக்கியத்தின் எதிரொலி அடுத்த வாக்கியத்தின் மேல் விழும், யாருக்கும் எதுவும் புரியாது. பெரும்பாலோர் கடைசி மூன்று தாளை விட்டுவிடுவார்கள். அந்த மூன்று தாளில்தான் “நாம் என்ன செய்ய வேண்டும்” என்பது இருக்கும். விளக்கம் தங்கிவிடும், அழைப்பு போய்விடும். கேட்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

குறிப்பில் எங்கே வெட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடலாம். மத்தேயு 13:24–30, கோதுமையும் களையும் உவமையை எடுத்துக்கொள்வோம். கோதுமை வயலில் எதிரி களை விதைத்துவிடுகிறான், பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, அறுப்பு வரை விடுங்கள் என்கிறான் எஜமான். ஏ4 தாளில் பாதி, ஒரு பக்கம் மட்டும், பதினைந்து வரிக்குள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் முழுதாக எழுதப்பட வேண்டும். மேற்கோள் வசனங்களையும் முழுதாக எழுதுங்கள். வசனத்தைத் தப்பாகச் சொன்னால் சபை பொறுக்காது. மற்றவை இரண்டு மூன்று சொல் போதும். எதிரி விதைத்தது 5 நிமிடம், ஏன் பிடுங்கவில்லை 8, அறுப்பு 7, நமக்கு என்ன 4, முடிவு 1. வலது ஓரத்தில் சேர்ந்துகொண்டே போகும் நிமிடத்தைச் சிவப்பில் எழுதுங்கள்: 5, 13, 20, 24, 25. இடது ஓரத்தில் வெட்டும் வரிசை. பன்னிரண்டு நிமிடம் என்றால் முதல் கருத்து முழுவதும் போகும், மூன்றாவது 2 ஆகும், இரண்டாவது 5 ஆகும். கடைசி இரண்டையும் தொடவே கூடாது.

இரண்டாவது கருத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் நட்ட 15, 20 நாளில் முதல் களை எடுத்துவிடுபவர்கள். அறுப்பு வரை விடுங்கள் என்று எஜமான் சொன்னதும் அவர்கள் மனம் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதில் குறிப்பில் இருக்க வேண்டும். அது வரிசை பிடித்து நட்ட வயல் அல்ல, கையால் தூவி விதைத்த கோதுமை. வேர்கள் பின்னிக் கிடக்கும். அந்தக் களையும் கதிர் வரும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் நச்சுப்புல் என்றே விளக்கவுரைகள் பெரும்பாலும் சொல்கின்றன. நெற்பயிருக்குள் குதிரைவாலிப் புல் ஒளிந்து நிற்பதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தாள் சமாச்சாரம் சுருக்கமாக. ஆடிக் காற்றில் தெருக்கூட்டம் என்றால் எட்டுத் தாளும் எட்டுத் திசைக்குப் போகும். பிரதிதான் வேண்டுமென்றால் பக்க எண் போட்டு கிளிப் மாட்டுங்கள். மழைக்கால இரவில் டியூப்லைட் பூச்சி தாளை மறைக்கும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். செல்போனில் வைத்துப் பேசுவதானால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.

குறிப்புக்குக் குறை இல்லாமல் இல்லை. புதிதாகப் பேசுகிறவர் கையில் குறிப்பு மட்டும் இருந்தால், தெரிந்த கருத்தையே சுற்றிச் சுற்றி வருவார். ஆகையால் முதல் ஓராண்டுக்காவது வியாழனன்று முழுதாக எழுதி, வெள்ளியன்று குறிப்பாக்கி, சனியன்று கடிகாரம் வைத்து வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். பிரதி வீட்டில் இருக்கட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் தன் குறிப்பே தனக்குப் புரியாது, அப்போது பிரதி கைகொடுக்கும். குறிப்பின் பின்புறம் ஊர், தேதி, விட்டுப்போன கருத்து மூன்றையும் எழுதுங்கள். கொள்வினை கொடுப்பினை உள்ள ஊர்களில் அதே பிரசங்கத்தை வேறு ஊரில் பேசினால், அதே உறவுக்காரர்கள் இரண்டு கூட்டத்துக்கும் வந்திருப்பார்கள்.

பிரதியே சரி என்று சொல்லும் இடங்களும் உண்டு. புனித வெள்ளியில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பலர் பங்கிட்டுப் பேசும்போது நீங்கள் மிஞ்சும் நிமிடம் அடுத்தவருடையது. சாதி பற்றிப் பேசும்போது ஒரு சொல் தவறினாலும் சபை இரண்டாகும். அடக்க ஆராதனையில் இறந்தவர் பெயர், உறவு முறை, ஊர் மூன்றையும் குடும்பத்தாரிடம் சரிபார்த்து எழுதி வாசிப்பதே மரியாதை.

கத்தோலிக்கப் பங்கில் திருப்பலி மறையுரை, அதாவது பூசையில் செய்யும் பிரசங்கம், குருவுக்கும் திருத்தொண்டருக்கும் (டீக்கன்) மட்டுமே உரியது. பொதுநிலையினர் பேசுவது நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்), அன்பியம் (அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு), தியானம் போன்ற இடங்களில். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024இல் சொன்னார். எட்டு நிமிடம் என்றால் 700 சொல்தான், அதை எழுதி வாசிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கரும் கலந்து வரும் கூட்டத்துக்கு மட்டும் குறிப்பில் சங்கீதம், திருப்பாடல் என்று ஒரே நூலுக்கு அவரவர் வழங்கும் இரண்டு பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.