ஸ்லைஸ் போக வேண்டுமா: கோச்சா, புது டிரைவரா?

கோல்ஃப் பந்து ஒழுங்காகத்தான் கிளம்புகிறது. பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வலக்கை ஆட்டக்காரர்களில் பலருக்கும் தீராத தலைவலியான இந்த ஸ்லைஸுக்கு இரண்டு மருந்து விற்கிறார்கள்: கோச்சிடம் வகுப்பு, இல்லாவிட்டால் இந்த வருஷத்து டிரைவர், அதாவது அதிக தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை. என் ஓட்டு கோச்சுக்குத்தான். கடைக்குப் போக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு, அவை கடைசியில்.

புது டிரைவர் வாங்கினால் தூரம் கூடும் என்பதுதான் கடைக்காரரின் முதல் வாதம். ஆனால் விதிப்படி டிரைவர் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஃபேஸ் (பந்தில் படும் முகப்பு) ஸ்பிரிங் போலப் பந்தை உந்துவதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. இந்த வரம்புகள் வந்து சுமார் 20 வருஷம் ஆகிறது. அதனால் நடுவில் பட்ட பந்துக்கு ஐந்து வருஷப் பழைய டிரைவரும் புதுசும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரத்தில் பட்ட பந்தை மட்டும் புதுசு கொஞ்சம் கூடுதலாகக் காப்பாற்றும். (ஊட்டியில் அடித்துப் பார்த்துவிட்டு டிரைவரைப் புகழாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு. எந்த டிரைவருக்கும் தூரம் கூடும்.)

அயர்னில் (எண் கூடக் கூடத் தூரம் குறையும் இரும்புத் தலை மட்டைகள்) நடப்பது இன்னும் வேடிக்கை. 90-களில் 7 அயர்னின் லாஃப்ட் (ஃபேஸ் பின்னுக்குச் சாயும் கோணம்; குறைந்தால் தூரம் கூடும்) 34 டிகிரி அளவில் இருந்தது. இன்று ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று வரும் செட்டுகளில் அதே 7-க்கு 28, 29 டிகிரி. அன்றைய 5 அயர்னில் 7 என்று பொறித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். கிட்டத்து அடிக்கான வெட்ஜ்களில் பிட்சிங் வெட்ஜும் 43 டிகிரிக்கு இறங்கிவிட, 56 டிகிரி சாண்ட் வெட்ஜுக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பந்தும் ஃபேஸும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் சுமார் 2,000-ல் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் ஃபேஸ் எங்கே பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில் பந்து கிளம்பும். கிளப் (மட்டை) வந்த பாதைக்கும் ஃபேஸுக்கும் உள்ள கோண இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. ஸ்லைஸ்காரரின் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பாதை இலக்குக்கு இடப்பக்கம் 6 டிகிரி, ஃபேஸும் அதே பக்கம் 1 டிகிரி என்று வையுங்கள்: பந்து லேசாக இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் ஓடும். பந்து வலப்பக்கம் போகிறதே என்று அடுத்த முறை இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பார். பாதை இன்னும் இடப்பக்கம் சாயும், இடைவெளி கூடும், ஸ்லைஸ் முற்றும். ஹீல் பக்கம் (தலையில் தண்டு சேரும் பக்கம்) எடை வைத்த டிரைவர் இந்த இடைவெளியில் கொஞ்சத்தைக் குறைக்கலாம். மீதியை யார் குறைப்பது?

கோச் முதலில் தொடுவது பெரும்பாலும் இடது கைப்பிடியைத்தான். மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு விரல்முட்டி தெரிகிற பிடியை, இரண்டு அல்லது இரண்டரை முட்டி தெரியும்படி வலப்பக்கம் திருப்புவார். காசு செலவில்லாத மாற்றம்; ஆனால் மூன்று நான்கு வாரம் கிளப்பே அந்நியமாக இருக்கும், பந்து இடப்பக்கம் கொக்கி போட்டு ஓடும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். வகுப்புக்கு வகுப்பு நடுவே மூன்று தடவையாவது, தடவைக்கு 50 பந்து, 9 அயர்னில் அரை ஸ்விங்காக அடிக்காவிட்டால் கட்டிய பணம் தண்டம். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) மேட் விரிப்பின் மேல் அடிப்பதையும் முழுசாக நம்ப வேண்டாம். பந்துக்குப் பின்னால் தரையைத் தட்டினாலும் கிளப் சறுக்கி பந்தைச் சந்தித்துவிடும், தப்பு தெரியாது. வாரம் ஒரு முறையாவது புல்லில் அடியுங்கள்.

எதற்குச் செலவு செய்வது என்று சந்தேகமிருந்தால் ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தில் ஒரு பெரிய புள்ளி வைத்து, அது கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் குச்சியில்) வைத்து அடியுங்கள். மை ஃபேஸில் ஒட்டும். பத்து பந்து. தடங்கள் ஹீலிலிருந்து டோ (எதிர் நுனி) வரை சிதறியிருந்தால் கோச்சிடம் போங்கள். எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டுத் தள்ளி விழுந்திருந்தால் நிற்கும் தூரத்தையும் ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) நீளத்தையும் சோதிக்க வேண்டும். இன்றைய டிரைவர்கள் 45 அங்குலத்துக்கு மேல். கடையில் கை வைக்கும் முன் கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே பிடித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகலாம் என்பது எப்போது? யாரோ கொடுத்த செட்டில் ஸ்டிஃப் (எளிதில் வளையாத) ஷாஃப்ட் இருந்து, உங்கள் டிரைவர் வேகம் மணிக்கு 85 மைலுக்குள் இருந்தால் மாற்றுங்கள். வெட்ஜ் ஃபேஸில் உள்ள வரிப்பள்ளங்கள் நகத்துக்குத் தட்டுப்படாத அளவு தேய்ந்திருந்தாலும் அப்படியே. பட்டர் (பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டை) விஷயத்தில் கோச் கட்சியை இதே உறுதியோடு பேச மாட்டேன். பார்க்கப் பிடித்த பட்டர் உண்மையிலேயே சிலருக்கு உதவுகிறது. கிரிப் பளபளத்து வழுக்குகிறதா? சென்னை வியர்வைக்கு அது சீக்கிரமே போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், சரிப்படாவிட்டால் கிரிப்பை மட்டும் மாற்றுங்கள். டிரைவர் வாங்கியே தீருவது என்றால் மூன்று நான்கு வருஷப் பழையதாக, லாஃப்டைத் திருகி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். லாஃப்டை ஒன்றிரண்டு டிகிரி கூட்டினால் ஃபேஸும் கொஞ்சம் மூடும். முதல் ஆள் கொடுத்த விலையில் பெரும் பகுதி அவர் தலையிலேயே கழிந்திருக்கும். மிச்சப்பட்ட பணத்தில் நாலு வகுப்பு வரும்.