பெட்டியில் போட்டிருக்கும் எடையும் பந்து போகும் வழியும்: எந்தக் கிரிக்கெட் பந்து எதற்கு?

2025 ஜூலையில் இங்கிலாந்தும் இந்தியாவும் ஆடிய லோர்ட்ஸ் டெஸ்டின் இரண்டாம் நாள் காலையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவின் பும்ரா ஸ்டோக்ஸையும் ரூட்டையும் வோக்ஸையும் அடுத்தடுத்து வெளியேற்றினார், சுமார் பத்து ஓவர் மட்டுமே வீசியிருந்த இரண்டாவது புதிய பந்து காற்றில் வளைந்து அருமையாக ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் பந்தின் வட்டம் கெட்டுவிட்டது என்று முறைப்பாடு போக, நடுவர்கள் அதை அளவு பார்க்கும் வளையத்தில் போட்டுப் பார்த்தார்கள். வளையத்துக்குள் போகவில்லை என்பதால் வேறொரு பந்தைக் கொடுத்தார்கள். அந்தப் பந்து வளையத்துக்குள் ஒழுங்காகப் போனது, ஆனால் முன்னையதைப் போல ஆடவில்லை. இந்திய அணித்தலைவர் கில் நடுவரிடம் போய் வாதாடியது அதற்காகத்தான். அளவில் தோற்ற பந்து விக்கெட் எடுத்தது, அளவில் தேறிய பந்து சும்மா நேராகப் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், திருகோணமலையில் கழகத்துத் தம்பிமார் "அண்ணா, இந்த முறை எந்தப் பந்து எடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, கடையில் பெட்டியைத் திருப்பித் திருப்பி எடையைத்தான் வாசிக்கிறார்கள். எடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்கள் ஆடும் பந்து 155.9 முதல் 163 கிராமுக்குள்ளும், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்ரிமீற்றருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகப் பாரமான பந்துக்கும் ஆக லேசான பந்துக்கும் வித்தியாசம் 7 கிராம், அதாவது நாலரை வீதம். ஒரே விசை தள்ளும்போது லேசான பந்து அரை மீற்றர் வளைந்தால் பாரமான பந்து அதைவிட இரண்டு சென்ரிமீற்றர் அளவு குறைவாக வளையும், அவ்வளவுதான். துடுப்பின் விளிம்பையும் நடுவையும் பிரிக்க அது போதாது.

பந்தை வளைப்பது தையல். பந்தின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் ஓடுகிறது. தையலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து வீசினால், தையல் இருக்கும் பக்கத்தில் அந்தப் படலம் தடுக்கிக் குழம்புகிறது, குழம்பிய காற்று பந்தோடு அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போய்த்தான் பிரிகிறது. மற்ற, மினுக்கமான பக்கத்தில் காற்று சீராக ஓடி, சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. இதனால் பந்து தையல் காட்டும் பக்கமாகத் தள்ளப்படுகிறது. நாசாவில் வேலை செய்த ரபீந்திர மேத்தா காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து அளந்து, ஏறத்தாழ 20 பாகை சாய்வில், மணிக்கு 112 கிலோமீற்றர் வேகத்தில் வழமையான ஸ்விங், அதாவது பந்து காற்றில் வளைவது, உச்சமாக இருக்கிறது என்று காட்டினார். 112 ஒன்றும் பயங்கர வேகம் இல்லை, நல்ல பாடசாலைத் தொடக்கப் பந்துவீச்சாளர் ஒருவர் தொடக்கூடிய வேகம்தான். 140 போடவேண்டும் என்று தோளை முறித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, இனிப் பந்துகளுக்கு வருவோம்.

கடினப்பந்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இரண்டு துண்டா, நான்கு துண்டா என்பது. இரண்டு துண்டுப் பந்தில் தோல் இரண்டு அரைக் கிண்ணங்களாக வரும். நான்கு துண்டில் ஒவ்வொரு அரையும் இரண்டு கால் துண்டுகளை உள்ளே தைத்துச் செய்தது. உற்றுப் பார்த்தால் பிரதான தையலுக்குக் குறுக்காக ஒரு மெல்லிய கோடு தெரியும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எடைதான் போட்டிருப்பார்கள், ஆனால் மைதானத்தில் அவை ஒன்றுபோல் நடப்பதில்லை. மலிவான இரண்டு துண்டுப் பந்துகளில் தோலுக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு இருக்கும். அது புதிதில் கண்ணைப் பறிக்கும், பிறகு செதில் செதிலாகக் கழரும். கழர்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் ஒரு பக்கம் மினுக்கம் ஏறாது, ஏறாவிட்டால் இரண்டு பக்கத்துக் காற்றும் ஒரே மாதிரித்தான் ஓடும். நல்ல நான்கு துண்டுப் பந்தில் தோல் தோலாகவே தேயும், வியர்வையில் ஒரு பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகலாம். எச்சில் பூசுவதைச் சர்வதேச கிரிக்கெட் பேரவையான ஐ.சி.சி. 2020இல் கொரோனாவுக்காகத் தடுத்து 2022இல் நிரந்தரமாகவே தடைசெய்துவிட்டது, அதனால் இப்போது வியர்வை மட்டும்தான். வலைப்பயிற்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இரண்டு துண்டு தாராளமாகப் போதும். போட்டிக்கு நான்கு துண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது பந்து செய்யும் நிறுவனங்களின் பெயர்கள். இலங்கை டெஸ்ட் ஆட்டங்களில் கூக்கபரா, இந்தியாவில் எஸ்.ஜி., இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ். மூன்றும் ஒரே எடைக்குள், ஒரே சுற்றளவுக்குள் வருபவை. மூன்றிலும் ஆறு வரிசைத் தையல்தான். ஆனால் டியூக்ஸிலும் எஸ்.ஜி.யிலும் ஆறு வரிசையும் கையால் தைத்தது, கூக்கபராவில் நடு இரண்டு வரிசை தவிர மற்றது இயந்திரத் தையல். இயந்திரத் தையல் சீக்கிரம் படிந்துவிடும். தொலைக்காட்சியில் கூக்கபரா முதல் இருபது ஓவர் பேசிவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொள்வதற்கு இதுவே பெரிய காரணம். டியூக்ஸின் தையலும் மெருகும் நீண்ட நேரம் நிற்கும். எஸ்.ஜி.யின் தையல் தடித்தது, விரலுக்குப் பிடிமானம் தருவது, சுழற்பந்து வீசுபவர் விரும்புவது. இங்கிலாந்துக் கவுண்டி ஆட்டங்களில் 2023 முதல் சில சுற்றுகளுக்கு டியூக்ஸை எடுத்துவிட்டுக் கூக்கபராவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் அப்படி ஆடிய சுற்றுகளில் ஓட்டம் குவிந்தது, பல ஆட்டங்கள் வெற்றி தோல்வியில்லாமல் முடிந்தன. மழைக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனாலும் அதே நாட்டில், அதே வீரர்களிடம் பந்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஒப்பீடு வேறு எங்கு கிடைக்கும்?

ஒரு எச்சரிக்கை. எஸ்.ஜி. என்ற ஒரே பெயரில் டெஸ்ட் தரமும் இருக்கிறது, கழகத் தரமும் இருக்கிறது. டெஸ்டில் பார்த்ததை நினைத்துக்கொண்டு பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் கைக்கு வருவது வேறு பந்து. மெட்டிங்கில், அதாவது கயிற்று விரிப்பு போட்ட ஆடுகளத்தில், ஆடுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்த விரிப்பு தோலைச் சுரண்டி எடுத்துவிடும், மினுக்கம் சில ஓவரிலேயே போய்விடும், எனவே காற்றில் வளைவதை நம்பி அதிகப் பணம் கொடுப்பதில் பயன் குறைவு. அதே விரிப்பு உயர்ந்த தையலை நன்றாகப் பிடிக்கும். அங்கே விரலால் வெட்டி, விழுந்த பின் திரும்பும் கட்டர் பந்து போடுபவரும் சுழற்பந்து வீச்சாளரும்தான் ராஜா, அவர்களுக்குக் கையால் தைத்த தடித்த தையல்தான் வேண்டும். ஆகவே மெட்டிங்குக்கு எஸ்.ஜி. வகை என்பது என் முடிவு. புல் ஆடுகளத்தில் ஆட வாய்ப்புக் கிடைத்து டியூக்ஸும் கைக்கு எட்டினால் அதை எடுங்கள்.

மென்பந்து தனி உலகம். டச் பே கரையிலும் உப்புவெளியிலும் மாலையில் ஆடும் ரெனிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம், கடினப்பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் கூட. பருமனில் மட்டும் அவ்வளவு சிறியதல்ல. கணக்குப் போட்டால் ஒரே காற்று அதைக் கடினப்பந்தை விட இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பக்கவாட்டில் காற்று வரும்போது ரெனிஸ் பந்து வளைவதைப் பார்த்துவிட்டு "மச்சான் செம ஸ்விங்" என்கிறோம். உண்மையில் வீசியவரின் மணிக்கட்டுக்கு அதில் வேலை குறைவு, ஏனென்றால் அந்தப் பந்தில் எழும்பி நிற்கும் தையலே இல்லை. அதற்காக மென்பந்தைக் குறைத்துப் பேச மாட்டேன். பந்து உதவாத இடத்தில் நீளமும் நேரும்தான் உதவும். இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மாலிங்க ரத்கம பக்கத்துக் கடற்கரையில் ரெனிஸ் பந்தில் வளர்ந்தவர், 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தவர். துடுப்பாட்டக்காரரின் காலடியில் விழும் யோர்க்கர் பழக ரெனிஸ் பந்து நல்ல பள்ளிக்கூடம். ஸ்விங் பழக அது உதவாது, அதற்கு ஒரு பழைய நான்கு துண்டுப் பந்தை எடுத்து, தையல் ஆடாமல் நிமிர்ந்து பின்சுழற்சியோடு போகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் ஈரம் அதிகம், காற்று கனமாக இருக்கும், ஆகவே பந்து ஆடும் என்று பலர் நம்புகிறோம். ஈரக் காற்று உண்மையில் காய்ந்த காற்றை விட அடர்த்தி குறைந்தது, அந்த விளக்கம் நிற்காது. எதிர்க்காற்று மட்டும் நிச்சயமாக உதவும். பந்தைச் சுற்றி ஓடும் காற்றின் வேகம்தான் ஸ்விங்கின் கணக்கு, எனவே 97 கிலோமீற்றரில் வீசும் தம்பி 15 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் வீசினால் மேத்தா சொன்ன அந்த 112 வந்துவிடுகிறது, பந்து போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரமும் எடுக்கும், வளைய இன்னும் இடம் கிடைக்கும். புதிய பந்தை எந்த முனையிலிருந்து யாரிடம் கொடுப்பது என்று அணித்தலைவர் முடிவெடுக்கும் முன் கொடியைப் பார்க்கட்டும். கடையில் நிற்பவர் பெட்டியிலிருந்து பந்தை வெளியே எடுத்து, பெருவிரலைத் தையலின் குறுக்கே ஓட்டிப் பார்க்கட்டும். நூல் விரலில் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டு போனால், எடை சரியாக 156 கிராம் என்று போட்டிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.