பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுச் சேவை: எதிர்ப்புக்கு முந்தைய படி

மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் சட்டத்தை எதிர்ப்பாக மீறும் முன் மற்ற வழிகள் தீர்ந்தனவா என்பதே முதல் கேள்வி. அந்த வழிகளில் மலிவானது இந்த இணைய மனுச் சேவை.

மனு எழுதியவர் தவிர 5 பேர் ஆதரித்தால்தான் பரிசீலனைக்கே போகும். ஏற்றால் 6 மாதம் திறந்திருக்கும். 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும். 1,00,000 என்றால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். விவாதம் உறுதி என்று நினைப்பது பலர் செய்யும் பிழை. ஏற்கெனவே அதே கோரிக்கை இருந்தாலோ, விஷயம் உள்ளாட்சியின் பொறுப்பு என்றாலோ நிராகரிப்புதான். எனவே தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். "அநீதியை நிறுத்து" என்று பொதுவாகக் கத்தாமல், எந்தச் சட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். கையெழுத்திட்டவர் மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தாவிட்டால் கணக்கில் சேராது.

பெரிய குறை: எதுவும் அரசைக் கட்டுப்படுத்தாது. 2019இல் பிரெக்சிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை, கைவிடக் கோரிய மனுவுக்கு 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து, இணையதளமே திணறியது. விவாதம் நடந்தது, அரசு அசையவில்லை. ஆனால் அது தோல்வி ஆகாது. தேர்தலில் வென்ற அரசு மறுக்கலாம். வாக்குரிமையையோ நீதிமன்றத்தையோ அது முடக்கும்போதுதான் மீறலாமா என்ற கேள்விக்கு விடை மாறும். அப்போது மற்ற வழிகளை முயன்றதற்கு இந்த மனுப் பதிவுகள் நல்ல சாட்சி.