வானின் பின்பக்கத்துக்கு இரண்டாவது பற்றரி வாங்கப் போகிறவர்கள் ஒருமுறை வாசியுங்கள்

வானுக்குள் படுக்கை அடித்து, சின்ன ஃபிரிஜ், ஃபேன், லைட் எல்லாம் போட்டு ஓடுகிறவர்கள் இப்போது நம்ம பக்கத்தில் கூடிக்கொண்டு வருகிறார்கள். அறுகம்பைக்கு வெளிநாட்டாரை ஏற்றுகிறவர்கள், பாசிக்குடாவில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்குகிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். எனக்கு 68,000 ரூபா போனது. காசு போனதைவிட அன்று இரவு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

என்னுடையது பழைய டொல்பின் வான். இஞ்சின் பற்றரியைத் தொடாமல், பின்னால் உள்ள சாமான்களுக்குத் தனியாக ஒரு பற்றரி வேண்டும் என்று மே மாதம் ஒரு கடைக்குப் போனேன். எது என்று பெயர் போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது. “டீப் சைக்கிள், 100 அம்பியர் மணி, அண்ணன் கண்ண மூடிட்டுக் கொண்டு போகலாம்” என்றார்கள். டீப் சைக்கிள் என்றால் நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் தரச் செய்த பற்றரி, அம்பியர் மணி என்பது அதற்குள் எவ்வளவு நிற்கும் என்ற அளவு. வயரிங்கும் சேர்த்துத்தான் அந்த விலை. கடைக்காரர் நல்ல மனுசர்போலப் பேசினார், பிளேன்டீயும் தந்தார். நம்பினேன்.

ஜூலையில் அப்பா உகந்தை முருகனைப் பார்க்க வேண்டும் என்றார். பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டி, மண் பாதையில் போய் மரத்தடியில் வானை நிறுத்தினோம். மட்டக்களப்பில் இருந்து அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, பற்றரி நிறைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஃபிரிஜ் ஓடும்போது 4.5 அம்பியர் இழுக்கும், பாதி நேரம்தான் ஓடும். ஃபேனையும் சேர்த்தால் இரவு முழுக்க 40 அம்பியர் மணிக்குள் முடியும். உண்மையான 100 என்றால் விடியும்போது பாதிக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும்.

இரண்டு மணிபோல ஃபேன் நின்றது. வெக்கையில்தான் எழும்பினேன். அப்பா ஏற்கனவே எழும்பி ஃபிரிஜ் கதவைத் திறந்து கையை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “மகன், குளிர் இல்ல போல” என்றார். உள்ளே அவருடைய ஒரு மாதத்து இன்சுலின் இருந்தது. ஈரத் துணியில் சுற்றி, மண் சட்டிக்குள் வைத்து, விடிந்ததும் சாமியைக்கூட ஆறுதலாகக் கும்பிடாமல் பொத்துவிலுக்கு ஐஸ் தேடி ஓடினோம். மருந்து தப்பியது. ஆனால் அந்த மனுசன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் பற்றரியை அப்படியே விட்டுவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். என்னுடையது ஈயப் பற்றரி. அதை வெறுமையாக வைத்தால் தகட்டில் சல்பேற் இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. வெறுமையானால் அன்றைக்கே சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

பிறகு கடைக்குக் கொண்டு போனேன். “வச்சிட்டுப் போங்க, சார்ஜ் போட்டுப் பாப்பம்” என்றார்கள். அடுத்த நாள் நான் போய் நிற்கும்போதுதான் சார்ஜர் வயரைக் கழற்றினார், உடனே மீற்றரை வைத்தார். “பாருங்க அண்ணன், 13.1 காட்டுது. பற்றரியில ஒரு பிழையுமில்ல. ராவு முழுக்க ஃபிரிஜ்ஜப் போட்டா அது என்ன செய்யும்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இலக்கம் கண் முன்னால் நிற்கிறது, என்ன சொல்வது? திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என்னை ஏமாற்றியது அந்த 13.1 வோல்ட்தான். சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் செத்த பற்றரியும் 13 காட்டும். அது மேல்மட்டச் சார்ஜ், நுரை மாதிரி. சில மணி நேரம் ஒன்றும் பூட்டாமல் வைத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நிறைந்த ஈயப் பற்றரி அப்போது 12.7 அளவில் நிற்கும், 12.1 என்றால் பாதிதான் இருக்கிறது. கடையிலே காத்திருக்க நேரமில்லை என்றால் ஒரு ஹெட்லைட் பல்பைப் பூட்டிப் பத்து நிமிடம் எரிய விட்டு, எரியும்போதே அளக்கச் சொல்லுங்கள். என்னுடையதை வீட்டில் அப்படிச் செய்தபோது 11.4க்கு விழுந்தது.

கல்லடியில் மீன்பிடிப் படகுகளுக்கு வயரிங் செய்கிற மச்சான் ஒருவர் இருக்கிறார். அவர் மீற்றரைத் தொடவே இல்லை. பற்றரியை ஒரு கையால் தூக்கினார், கீழே வைத்தார். “இது 100 இல்ல மச்சான்” என்றார். பக்கத்து அரிசிக் கடைத் தராசில் வைத்தோம். 17 கிலோ 400 கிராம். ஈயத்தில் செய்த 100 அம்பியர் மணி டீப் சைக்கிள் பற்றரி 30 கிலோவுக்குக் கிட்ட வரும், தகடு தடிப்பு என்பதால். ஸ்டார்ட் பண்ணுகிற பற்றரிக்குத் தகடு மெல்லிசு, எண்ணிக்கையில் நிறையத் தகடுகள் இருக்கும். ஒரு நொடிக்குப் பெரிய கரண்ட் தருவதற்காகச் செய்தது அது. இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெறுமையாக்கினால் சில தடவையிலேயே படுத்துவிடும்.

பிறகு மச்சான் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஸ்டிக்கரின் மூலையில் வைத்து அழுத்தினார். இரண்டு நிமிடம். மெதுவாக உரித்தார். ‘100’ போட்ட நீல ஸ்டிக்கருக்குக் கீழே கம்பனியின் சொந்த ஸ்டிக்கர் இருந்தது. அதில் 60. பக்கத்தில் ஸ்டார்ட் பண்ணும் கரண்டின் அளவு. பார்த்த எனக்குக் கை நடுங்கியது. தெரியாமல் நடந்த பிழை இல்லை இது, ஒரு ஆள் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்.

வயரிங்கும் அதே தரம்தான். இஞ்சின் ஓடும்போது முன் பற்றரியில் 14.2 வோல்ட், பின் பற்றரியில் 13.1. மெல்லிய வயரை அவ்வளவு நீளத்துக்கு இழுத்ததால் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. 13.1 மட்டும் கிடைக்கிற ஈயப் பற்றரி நாள் முழுக்க ஓடினாலும் நிறையாது. இதைவிடப் பயங்கரம், ஒரு ஃபியூஸ் கூட இல்லை. அந்த வயர் எங்காவது உரசித் தகரத்தில் பட்டிருந்தால் படுக்கைக்குக் கீழே நெருப்பு. அப்பாவும் பிள்ளைகளும் அதற்கு மேலேதான் படுத்திருந்தார்கள். இரண்டு பற்றரியின் வாயிலும் ஒவ்வொரு ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும், வயர் தடிப்பாக இருக்க வேண்டும். இப்போது 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருக்கிறேன்.

லித்தியம் வாங்குகிறவர்களுக்கு எடைக் கணக்கு பொருந்தாது, அது 100க்கே 11 அல்லது 12 கிலோதான் வரும். அதற்குச் சார்ஜரும் வேறு. ஈயத்தின் சார்ஜரை அப்படியே பூட்டித் தருகிறேன் என்றால் விடாதீர்கள்.

மூடி திறக்கிற பற்றரி என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விடுங்கள், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மூடிய வானுக்குள் என்ன சூடு என்று உங்களுக்குத் தெரியும். பத்துப் பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே தண்ணீரை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

பில் விசயத்தில் மட்டும் தப்பினேன். ‘டீப் சைக்கிள் 100’ என்று அவர் கையால் எழுதித் தந்த பில் என்னிடம் இருக்கிறது. வெறும் ‘பற்றரி 1’ என்று எழுதினால் வாங்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நான் கொடுக்கும்போது ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. பில், உரித்த ஸ்டிக்கர், தராசில் பற்றரி நிற்கிற படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். கடைக்காரர் இப்போது பாதிக் காசு தருகிறேன், கடிதத்தை வாபஸ் எடுங்கள் என்று ஆள் விட்டிருக்கிறார். நான் எடுக்கப் போவதில்லை. அதே நீல ஸ்டிக்கரை உங்கள் பற்றரியில் கண்டால் உரித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், விசாரணைக்குப் போகும்போது அதையும் கொண்டு போகிறேன்.