பின்பக்க மணலுக்காகவே போலாம், 5க்கு 4

கும்பகோணத்துல புதுசா வந்த பிளே ஏரியாவுக்கு ரெண்டு மாசமா பாப்பாவ கூட்டிட்டுப் போறேன், அவளுக்கு நாலரை வயசு. மணிக்கு 150 ரூபா, சாக்ஸ் கட்டாயம், வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போயிடுங்க இல்லன்னா அங்க 40 ரூபா குடுத்து வாங்கணும்.

முன்னாடி ஏசி ஹால். சறுக்கு, டிராம்போலின் எல்லாம் சுத்தமாதான் இருக்கு. ஆனா ஒரு தம்பி விசில் வச்சுக்கிட்டு இப்ப குதி, இப்ப எறங்கு, லைன்ல வான்னு சொல்லிக்கிட்டே இருக்காரு, பிள்ளைங்க பி.டி. பீரியடு மாதிரி நிக்குதுங்க. செவுத்துல டிவி வேற ஓடிட்டே இருக்கு. 3, 4 வயசு பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாடணும், ஸ்கிரீன் 1 மணி நேரத்த தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2019ல சொல்லிருக்கு, விளையாட வந்த எடத்துல எதுக்குங்க டிவி?

பின்பக்கம்தான் விஷயமே. புங்கமரத்தடில ஒரு லோடு மணல், பழைய டயரு, கொட்டாங்குச்சி, பிவிசி பைப்பு, ஒரு தண்ணிக் குழாய், அவ்ளோதான். ஒரு அக்கா ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாங்க, இத பண்ணு அத பண்ணுன்னு ஒண்ணும் சொல்லமாட்டாங்க, ஆனா கண்ணு பிள்ளைங்க மேலயே இருக்கும், அவங்க கையில போன நான் பாத்ததே இல்ல.

போன வாரம் பாப்பாவும் இன்னொரு பையனும் மணல்ல அணை கட்டுனாங்க, அது மேட்டூராம். அங்கேர்ந்து வாய்க்கா வெட்டி தண்ணி விட்டா, கடைசில உக்காந்திருந்த குட்டிப்பையன் எனக்கு தண்ணியே வரலன்னு அழுவுறான், மேல இருக்குறவன் மடைய தொறக்கமாட்டேங்குறான். நான் எந்திரிச்சுட்டேன், அக்கா இருங்கன்னு கையால காட்டுனாங்க. ஒருத்தன் செங்கல்ல தூக்குனப்ப மட்டும் "கல்ல கீழ வை தம்பி"ன்னு ஒரே வார்த்தை. அப்பறம் பிள்ளைங்களே பத்து எண்ணுற வரைக்கும் உனக்கு, பத்து எண்ணுற வரைக்கும் எனக்குன்னு முறை வச்சுக்கிட்டாங்க, எங்க தாத்தா வயலுக்கு முறைத்தண்ணி விட்ட மாதிரியே! நான் குறுக்க போயிருந்தா சண்டை நின்னுருக்கும், இது வந்திருக்காது. அமெரிக்க குழந்தை டாக்டருங்க சங்கம் 2018ல, ரெண்டு வயசுக்குள்ள செக்கப்புக்கு வர்ற பிள்ளைங்களுக்கு விளையாட்டையே பிரிஸ்கிரிப்ஷனா எழுதிக் குடுங்கன்னு சொல்லுச்சு, ஏன்னு அன்னிக்குதான் நேர்ல பாத்தேன்.

நாங்கல்லாம் ஆத்து மணல்லயே ஆளில்லாம விளையாடுனவங்கதானேன்னு வீட்டுல கேக்குறாங்க. அப்படி விட எனக்கு மனசு வரல, தண்ணி தொறந்த நேரத்துல படித்துறையிலயும் மணல் அள்ளுன பள்ளத்துலயும் பிள்ளைங்க முழுகிப்போன செய்திய படிச்சு படிச்சு வயிறு கலங்குது. பக்கத்துல ஒரு ஆளு வேணும், அந்த அக்கா மாதிரி ஆளு.

ஞாயித்துக்கெழம போகாதீங்க, கூட்டம், அத்தன பிள்ளைக்கும் அந்த ஒரு அக்காதான், பாவம். பாத்ரூம் குழாயும் பிள்ளைங்களுக்கு எட்டல. வார நாள்ல அஞ்சு மணிக்கு மேல போங்க, மாத்து டிரெஸ் மறக்காதீங்க.

பின்பக்கமும் டைல்ஸ் போடப்போறோம்னு கவுண்டர்ல சொன்னாங்க. ஓனர் இத படிச்சீங்கன்னா தயவுசெஞ்சு அந்த மணல்ல கை வைக்காதீங்க, வேணும்னா இன்னொரு லோடு அடிங்க, கூட ஒரு அக்காவையும் வேலைக்கு போடுங்க.