புளோயர் வாங்கிட்டு "எங்க குடோன்லயே இருக்கட்டும் சார்"னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, 1,85,860 ரூபா போச்சு

1,85,860 ரூபா. புளோயர், அதாவது தூசிய இழுக்கற பெரிய ஃபேன், 1,52,000, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 27,360, லாரி வாடகை 6,500. கூட்டிப் பாத்துக்கோங்க. குடோன் வாடகைன்னு தனியா வாங்குனத இதுல சேக்கவே இல்ல, அதையும் சேத்தா எனக்கு பிபி ஏறிடும். ஜிஎஸ்டிய இன்புட்ல எடுத்து நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம்ல, அது நஷ்டத்துல வராதுல்லன்னு ஆடிட்டர் ஆறுதல் சொல்றாரு. என் கையில இருந்து போனது 1,85,860, அவ்ளோதான் எனக்குத் தெரியும்.

கோயமுத்தூர்ல சின்னதா ஃபவுண்டரி, உலோகத்த உருக்கி வார்க்கற பட்டறை, வெச்சிருக்கோம். வார்த்த காஸ்டிங் வந்ததும் கிரைண்டிங் புடிச்சு பிசிறு எடுக்கற ஷெட்ல தூசி ஆள அடிக்குது, மணல் தூசி, சிலிக்கா, வருசக்கணக்குல உள்ள போனா சிலிகோசிஸ்ங்கற நுரையீரல் நோய்தான், வந்துட்டா திரும்ப சரியாகறது இல்ல. ஆளுங்க துண்டக் கட்டிக்கிட்டு வேல பாக்கறதப் பாக்க முடியாமத்தான் டக்ட், அதாவது தகரக் குழாய், போட்டு தூசிய இழுக்கலாம்னு 20 எச்பி சென்ட்ரிஃபியூகல் புளோயர், பெல்ட் டிரைவ், ஆர்டர் போட்டேன். தயாரிச்சது அகமதாபாத் பக்கம் ஒரு கம்பெனி. வாங்குனது மெஷின் வாங்கறவங்களையும் விக்கறவங்களையும் சேத்து வெக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல. பேரு சொல்லல, ஏன்னு உங்களுக்கே தெரியும், வக்கீல் வேண்டாம்னுட்டாரு.

சரக்கு கெளம்பற நேரம் இங்க ஐப்பசி மழ புடிச்சிருச்சு. ஃபவுண்டேஷன் குழிக்குள்ள தண்ணி நிக்குது, கான்கிரீட் போட முடியல. இத அந்த தளத்துல என் அக்கவுண்ட்டப் பாத்துக்கற பையன்கிட்ட சொன்னேன். அவன் ஒடனே, "சார், ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க, நீங்க ரெடியாகற வரைக்கும் எங்க குடோன்லயே இருக்கட்டும், உங்க ஷெட்ல வெச்சா தூசி அடிக்கும், எங்களது மூடுன குடோன், ஃபோர்க்லிஃப்ட் இருக்கு, ட்ரெயினிங் எடுத்த ஆளுங்க இருக்காங்க"ன்னான். வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்புனான். மஞ்சக் கோடு போட்ட தர, ரேக்கு, மேல வரிசையா லைட்டு, தூசி துரும்பு இல்ல. நான் கொஞ்சம் யோசிச்சேன், அப்ப ஒண்ணு சொன்னான் பாருங்க, "எங்கப்பாவும் மோல்டிங் வேல பாத்தவருதான் சார், மெஷினோட அரும எனக்குத் தெரியும்". அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். ஃபவுண்டரியில மணல் அச்சு போடற மோல்டிங் வேல பாத்தவர் வீட்டுப் பையன் பொய் சொல்லுவான்னு யாருக்குங்க தோணும்? மாசாமாசம் வாடகையும் ஹேண்ட்லிங் சார்ஜும் ஆன்லைன்ல கட்டிட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் "உங்கள் சரக்கு பாதுகாப்பாக உள்ளது"ன்னு மெசேஜ் வேற.

மழ விட்டு, ஃபவுண்டேஷன் போட்டு, கான்கிரீட் நல்லா எறுகுனதும் அனுப்பச் சொன்னேன். லாரியில இருந்து எறக்குறப்பவே என்னோட ஃபிட்டர் அண்ணன், முப்பது வருசமா புளோயர் மாட்டறவரு, மூஞ்சி மாறிடுச்சு. புளோயர் முழுக்க பிளாஸ்டிக் ஃபிலிம் சுத்தி, காத்துப் போக எட எதுவும் இல்லாம இறுக்கி வெச்சிருக்கானுங்க, உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி. வெளிய மழ, உள்ள ஈரம், பகல்ல வெயிலு, அது வேர்த்து வேர்த்து உள்ளயே நின்னுருக்கு. ஃபிலிமக் கிழிச்சா துரு வாசம் குப்புன்னு அடிக்குது. மோட்டார் தலையில இருக்கற ஐபோல்ட், கொக்கி மாட்டற வளையம், ஒரு பக்கமா வளஞ்சிருக்கு. அந்த ஐபோல்ட் மோட்டார மட்டும் தனியா தூக்கறதுக்கு, மொத்த செட்டையும் அதுல மாட்டித் தூக்கிருக்கானுங்க. பத்தாததுக்கு ஷாஃப்ட், அந்தச் சுத்தற தண்டு, நடுவுல சங்கிலி அறுத்த தடம். ஷாஃப்ட்ல சங்கிலி கட்டித் தூக்குவானாங்க எவனாச்சும்? ஃப்ரேம்ல தூக்கறதுக்குன்னே ஓட்ட போட்ட காது நாலு மூலையிலயும் வெல்டு பண்ணி வெச்சிருக்கு, அதுல பெயிண்ட் கூட உரியல, அப்படியே புதுசா இருக்கு.

ஃபிட்டர் அண்ணன் பெல்ட் மாட்டற புல்லிய கையால சுத்துனாரு. கடக்குங்குது, கொஞ்சம் சுத்துனா திரும்பக் கடக்கு, ஒரே அளவு எட விட்டு எட விட்டு வருது. "ஏனுங்க, இது ஓடாதுங்க"ன்னுட்டு பேரிங் உக்காந்திருக்கற பிளம்மர் பிளாக்கோட மேல் மூடியக் கழட்டுனாரு. உள்ள கிரீஸ் தண்ணியோட கலந்து ஆறிப்போன டீ கலருக்கு வந்திருச்சு. தொடச்சுட்டு பேரிங்க எடுத்துப் பாத்தா ரோலர் ஓடற வளையம், அந்த ரேஸ்ல வரிசையா கோடு, ஒவ்வொரு ரோலரும் உக்காந்திருந்த எடத்துல ஒண்ணொண்ணு. அவருதான் வெளக்குனாரு. பேரிங் சுத்தாம ஒரே நெலயில நிக்கும்போது பக்கத்துல ஏதாச்சும் அதிந்துட்டே இருந்தா, ரோலர் நின்ன எடத்துலயே நோண்டி கோடு போட்ருமாம், ஈரமும் சேந்தா கோட்டுல துருவும் ஏறிக்கும். அதுக்குத்தான் சும்மா நிக்கிற புளோயர மாசம் ஒரு தடவையாச்சும் கையால பல சுத்து சுத்தி, பழைய எடத்துல நிறுத்தாம வேற எடத்துல நிறுத்தணும். பெல்ட்டையும் லூஸ் பண்ணி வெக்கணும், இல்லன்னா ஒரே பக்கமா ஷாஃப்ட்டயும் பேரிங்கயும் இழுத்துட்டே நிக்கும். இங்க பெல்ட்டு ஃபேக்டரியில மாட்டுன டைட்லயே இருக்கு, எவனும் தொடல. அப்பறம் மோட்டாரு. மோட்டார் காயிலோட இன்சுலேஷன் நல்லாருக்கான்னு பாக்கற 500 வோல்ட் மெகர் வெச்சா முள்ளு ஜீரோவ விட்டு நகரல. பல்பு போட்டு காய வெச்சுப் பாத்தோம், ஒண்ணும் ஏறல, காயில புதுசா சுத்தற ரீவைண்டிங்தான். காத்து உள்ள போற வாய், இன்லெட் கோன், ஒரு பக்கம் அமுங்கி உள்ள சுத்தற றெக்கைச் சக்கரம், அந்த இம்பெல்லர்ல ஒரசுது, இம்பெல்லரே வளஞ்சிருக்கு, அதுவும் புதுசு வேணும். அப்ப மிச்சம் என்ன இருக்கு? வெளிக்கூடு கேசிங்கும் பெயிண்ட்டும். 1,85,860 ரூபாய்க்கு கேசிங்கும் பெயிண்ட்டும்.

நேரா அந்த குடோனுக்கே போனேன். பைபாஸ் பக்கம். போட்டோவுல பாத்த மஞ்சக் கோடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தகர ஷெட்டு, என் புளோயர் நின்ன எடம் ஷெட்டுக்கு வெளிய எறக்குன சாய்ப்பு, மூணு பக்கமும் தெறந்து கெடக்கு. அதுக்குப் பக்கத்துலயே டீசல் ஜெனரேட்டர், நான் நிக்கிறப்பவே ஓடிட்டு இருந்துச்சு, காலுக்குக் கீழ தர அதிருது. பேரிங்ல கோடு எப்படி விழுந்துச்சுன்னு அங்கயே புரிஞ்சு போச்சு. வாட்ச்மேன் பாவம், "இங்கதாங்க எல்லாச் சரக்கும் வெப்பாங்க, உள்ள எடம் இல்லீங்க"ன்னாரு. அவரு ஒருத்தர்தான் இந்தக் கதையில உண்மை பேசுன ஆளு.

இனிமே வருது பாருங்க கூத்து. தளத்துக்குப் போன் போட்டா "நாங்க இடைத்தரகர் மட்டும்தான் சார், குடோன் வேற பார்ட்டி". குடோன்காரனக் கேட்டா "எங்களுக்கு கான்ட்ராக்ட் அந்தத் தளத்தோட, உங்க கூட இல்ல". லாரி ஆபீஸ்ல "ஓனர் ரிஸ்க்ல புக் ஆயிருக்கு, சேதம் ஆனா சரக்குக்காரர் பொறுப்பு, நாங்க எறக்குனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, கேட் ஸ்லிப் இருக்கு". தயாரிச்ச கம்பெனி ரொம்ப மரியாதையா மெயில் போட்டான், மேனுவல்ல ஸ்டோரேஜ் பத்தி எழுதுனதப் பின்பற்றல, அதனால வாரண்டி இல்லைன்னு. அந்த மேனுவல் எங்க இருந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? புளோயரோட வந்த மரப்பெட்டிக்குள்ள, கவர் பிரிக்காம, குடோன்ல! நான் அதக் கண்ணால பாத்ததே டெலிவரி அன்னைக்குத்தான். புக்கு அவன் குடோன்ல, தண்டன எனக்கு. இதுல வாரண்டி கண்டிஷனப் பாத்தா ஓட ஆரம்பிச்சு 12 மாசம் இல்ல அனுப்புனதுல இருந்து 18 மாசம், எது முன்னாடியோ அதுன்னு போட்டிருக்கு, அதாவது குடோன்ல அது துருப்பிடிச்சுட்டு இருந்தப்பவும் வாரண்டி கரஞ்சுட்டேதான் இருந்திருக்கு.

டெலிவரி பேப்பர்ல நான் சும்மா கையெழுத்துப் போடல. டிரைவர் "சீக்கிரம் போடுங்கண்ணா, எனக்கு ரிட்டன் லோடு இருக்கு"ன்னு பறந்தான், இருந்தாலும் ஐபோல்ட் வளவு, ஷாஃப்ட்ல தடம், உள்ள தண்ணின்னு அத்தனையும் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கு லாரி ஆபீஸ்காரனுங்க சொன்ன பதிலக் கேளுங்க, "ரிமார்க் கட்டத்துக்கு வெளிய எழுதுனது கணக்குல வராது சார்". கட்டம் ஒரு தீப்பெட்டி லேபிள் அளவு கூட இல்ல, அதுக்குள்ள எதடா எழுதறது?

அந்தப் பையன் மொதல்ல "செக் பண்ணி சொல்றேன் சார்", அப்பறம் "மேனேஜர் லீவு சார்", அப்பறம் "உங்க டிக்கெட் எஸ்கலேட் ஆயிருக்கு சார்". இப்ப மெசேஜ் போட்டா ஒத்த டிக்குதான் விழுது, பிளாக் பண்ணிட்டான்னு நெனைக்கிறேன். நேத்து மெயில் வந்துச்சு, "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஸ்டார் கொடுங்கள்". 1,85,860 ரூபாயத் தின்னுட்டு ஸ்டார் கேக்கறானுங்க.

வக்கீலப் பாத்தேன். தொழிலுக்கு வாங்குன மெஷின்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுல எடுக்க யோசிப்பாங்களாம், சொந்தப் பொழப்புக்கு சுயதொழிலா வாங்குனதுன்னு காட்டுனாத்தான் வழி. லாரிக்காரன் மேல போறதா இருந்தா 2007 கேரேஜ் பை ரோடு சட்டப்படி புக்கிங் தேதியில இருந்து 180 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும், சரக்கோட மதிப்பச் சொல்லி கூடுதல் ரிஸ்க் ரேட் கட்டலைன்னா லாரி வாடகையில பத்து மடங்குதான் அவனோட பொறுப்பு. என் கணக்குக்கு 65,000. அதுவும் லாரியில அடிபட்டுச்சுன்னு ஆனாத்தான், இது குடோன்ல நாசமானது. இப்ப தளத்துக்கும் குடோனுக்கும் சேத்து நோட்டீஸ் அனுப்பிருக்கோம், பாப்போம்.

என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு இல்ல. அவசரத்துக்கு சொல்றேன். சரக்கு உங்க எடத்துக்கே வரட்டும், தார்ப்பாய் போட்டாலும் பரவால்ல, கட்ட வெச்சு தரைய விட்டுத் தூக்கி வைங்க, காத்துப் போக எட விடுங்க, பிளாஸ்டிக் சுத்தாதீங்க. இன்லெட் அவுட்லெட் ரெண்டையும் பிளைவுட் போட்டு அடைங்க, இல்லன்னா எலி குடி போயிரும். எறக்கறதுக்கு முன்னாடி லாரி மேலயே வீடியோ எடுங்க, வண்டி நம்பர் தெரியற மாதிரி. மேனுவல பிடிஎஃப்பா பணம் கட்டறதுக்கு முன்னாடியே வாங்கிருங்க. மெகர் வெக்காம மோட்டாருக்கு கரண்ட் குடுக்காதீங்க. வேற எவன் குடோன்லயாச்சும் வெச்சே ஆகணும்னா மாசாமாசம் யாரு ஷாஃப்ட்ட சுத்தறதுன்னு பேரு போட்டு எழுதி வாங்குங்க, குடோன நேர்ல போய்ப் பாருங்க, போட்டோவ நம்பாதீங்க, அப்பா மோல்டிங்ல இருந்தாருன்னு சொன்னா போன வெச்சிருங்க.

ஒரு உதவி. 20 எச்பி புளோயருக்கு இம்பெல்லர் செஞ்சு, சுத்தறப்ப அதிராம இருக்க ஜி 6.3 கிரேடுக்கு பேலன்ஸ் பண்ணி ரிப்போர்ட்டோட குடுக்கற ஆளு கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல யாராச்சும் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல நம்பர் அனுப்புங்க. முழுப் பணத்தையும் அட்வான்ஸா கேக்கற ஆளு மட்டும் வேண்டாம்.